இருபத்திரண்டு ஸ்வரங்கள்

லோஸ்டாஃப்ட்
14 செப்டம்பர் 1969, ஞாயிறு இரவு

அன்புள்ள ஆசா அண்ணா,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன். உன்னோடு தங்கிப் பாட்டு வாசிக்கும் லயனலுக்கும் கஸ்ஸுக்கும்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, கடையில் கயிறும் தாரும் எப்போதும்போல விற்கின்றன. நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஜூனில் மூப்பர்கள் உன்னை நம் சபைக் கூட்டத்திலிருந்து விலக்கியதாக அறிவித்தார்கள் அல்லவா, அன்று ராத்திரியே அம்மா உன் தட்டைப் பழைய துணியில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டாள். தூக்கி எறியவில்லை. அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உன் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஜெபத்திலும் சொல்வதில்லை. ஒருநாள் நான் மறந்துபோய் "ஆசா இருந்தா இந்த மீனை" என்று ஆரம்பித்துவிட்டேன். அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். அவ்வளவுதான். அன்று யாரும் சாப்பிடவில்லை.

ஆகஸ்டில் என் பள்ளித் தோழி க்ளெண்டாவின் அம்மா கடைக்குப் பின்னால், சிப்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் என்னை நிற்க வைத்து ஒவ்வொரு ஸ்வரமாகப் பாடச் சொல்லி டேப்பில் பிடித்தாயே, அது என் குரல் என்று எவரிடமும் சொல்லாதே. இருபத்திரண்டு ஸ்வரம், ஒவ்வொன்றும் மூச்சு முட்டும்வரை. பாடும்போது சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்தபின்தான் பயம் வந்தது. கூட்டத்தில் ஒரு பெண், வெளியாட்களான உலகத்தாரின் பாட்டுக்குக் குரல் கொடுத்தாள் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. ஜனவரியில் எனக்குப் பதினைந்து முடிகிறது. ஈஸ்டரோடு பள்ளியை விட்டு நிறுத்தி, மூப்பர் எல்ட்ரிட்ஜின் மீன்வலை பின்னும் கொட்டகையில் சேர்ப்பதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அங்கே போன பெண்கள் அந்தக் குடும்பத்திலேயே யாரையாவது கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிடுகிறார்கள். நீ அன்றைக்குச் சொன்னதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்: "ஈஸ்டருக்குள்ள வந்து உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவேன், கஸ்ஸோட அம்மா வீட்ல தங்கிப் படிக்கலாம்." சொன்னாய்தானே?

பதிலை க்ளெண்டாவின் கடை முகவரிக்கே போடு. உறையின் மேல் அவள் பெயரை மட்டும் எழுது.

உன் தங்கை,
திர்சா


ட்ரிங் அருகே, ஒரு பண்ணையிலிருந்து
2 அக்டோபர் 1969

என் திர்சிக்குட்டிக்கு,

கடிதம் வந்தது, அடுப்பில் போட்டாயிற்று. நான் சுகம். சளி மட்டும் இருக்கிறது, ஏனென்றால் நாங்கள் வாசிப்பது ஒரு கோழிக்கொட்டகையில். ஓட்டை வழியாக வானம் தெரியும். சுவரெல்லாம் பழைய மெத்தைகளை ஆணியடித்து மாட்டியிருக்கிறோம். பண்ணைக்காரர் நேற்று வந்து எட்டிப் பார்த்தார். "உங்க பாட்டைக் கேட்டு ரெண்டு கோழி முட்டை போடுறதை நிறுத்திடுச்சு. மூணாவது ஊரை விட்டே போயிடுச்சுப்பா" என்றார். மூன்று வேளையும் ரொட்டியும் டப்பா பீன்ஸும்தான். அம்மாவிடம் சொல்லாதே. சொல்லவும் முடியாது உனக்கு.

குழுவுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது: ஜன்னல் வரி. வழியில் ஒரு பழைய வீட்டைப் பார்த்தோம், பாதி ஜன்னல்கள் செங்கல்லால் அடைத்திருந்தன. அந்தக் காலத்தில் ஜன்னலுக்கு வரி போட்டார்களாம், கொடுக்க முடியாதவர்கள் வெளிச்சத்தை அடைத்துக்கொண்டார்களாம். லயனல் வண்டியை நிறுத்தச் சொல்லி அங்கேயே பெயரைச் சொன்னான். பாடுவதும் கிட்டார் வாசிப்பதும் அவன்தான், கடைசி முடிவும் பெரும்பாலும் அவன்தான். கஸ் டிரம்ஸ். "போன வாரம் வச்ச பேரைவிட இது தேவலை" என்று மட்டும் சொன்னான். போன வாரப் பெயரை உனக்கு எழுத மாட்டேன்.

நாங்கள் செய்ய நினைப்பது மூன்று நிமிஷ நடனப் பாட்டு இல்லை. ஒரே பாட்டு பதினொரு நிமிஷம் போகும். நடுவில் அமைதியாகும், பிறகு கோவில் இடிந்து விழுவதுபோல் எழும். இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று லயனல் கேட்டான். பக்கத்து வீட்டுச் சுவரில் என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்தான். உன் அறைச் சுவரில் நாம் இரண்டு பேரும் கண்ணாடி டம்ளரை வைத்து, பக்கத்து வீட்டு மிஸஸ் கேட்ச்போலின் ரேடியோவைக் கேட்டது அவனுக்கு எப்படித் தெரியும்?

இப்போது முக்கியமானது. ஒரு நடனக்கூடம் மூடியபோது அங்கிருந்த மெல்லட்ரானை வாங்கினோம். பார்க்க ஆர்கன் மாதிரி, உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு டேப் துண்டு. கட்டையை அழுத்தினால் அந்தத் துண்டு ஓடும், எட்டு விநாடியில் தீர்ந்துவிடும், விரலை எடுத்தால் ஸ்பிரிங் பின்னால் இழுத்துக்கொள்ளும். உன் இருபத்திரண்டு ஸ்வரங்களையும் ஒரு பட்டறையில் கொடுத்துத் துண்டு துண்டாக அதில் ஏற்றிவிட்டேன். செவ்வாய்க்கிழமை முதன்முதலாக வாசித்தேன். கஸ் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான். "யாருடா இது?" என்றான். ஏதோ பழைய தேவாலயப் பதிவு என்று சொல்லிவிட்டேன். வாக்கைக் காப்பாற்றியிருக்கிறேன், பார்த்தாயா?

ஈஸ்டரைப் பற்றிக் கவலைப்படாதே. சொன்னது சொன்னதுதான்.

அன்புடன்,
ஆசா


லோஸ்டாஃப்ட்
19 அக்டோபர் 1969

அன்புள்ள அண்ணா,

உன் சளி எப்படி இருக்கிறது? சூடாக ஏதாவது குடி. இங்கே எல்லோரும் நலம்.

நீ சுவரைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தச் சுவர் மறையப்போகிறது. உலகத்தாரோடு ஒரே மேஜையில் சாப்பிடக்கூடாது என்பதுபோல, ஒரே சுவரையும் பங்கிடக்கூடாது என்று கூட்டத்தில் புதிதாகச் சொல்லியிருக்கிறார்கள். தனி வீடு பார்த்துப் போக அப்பாவால் முடியாது. அதனால் மூப்பர்கள் ஒரு வழி சொன்னார்கள்: நம் பக்கத்தில், ஒரு சாண் இடைவெளி விட்டு, இன்னொரு சுவர் எழுப்பிக்கொள்ளலாம். அப்போது எங்கள் வீடு எங்கள் சுவரில் நிற்கும்.

அப்பாவே கட்டுகிறார். சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, வரிசை வரிசையாகச் செங்கல் வைக்கிறார். கட்டிலை நகர்த்தியாயிற்று, எழுந்தால் கதவில் முட்டிக்கொள்கிறேன். மிஸஸ் கேட்ச்போல் வாசலில் நின்று, "என்ன மிஸ்டர் அட்டிங், என் ரேடியோ அவ்வளவு சத்தமாவா கேக்குது? சொன்னாக் குறைச்சிருப்பேனே" என்றாள். அப்பாவுக்குப் பொய் வராது, உனக்குத் தெரியுமே, இற்றுப்போன கயிறு என்றால் வாங்க வந்தவரிடமே சொல்லிவிடுவார். "ரேடியோ இல்லம்மா. நீங்கதான்" என்றார். அந்த அம்மாள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நேற்று வரிசை என் இடுப்பளவு வந்திருந்தது. மேலே குனிந்து, பழைய சுவரில் காதை வைத்துக் கேட்டேன். ஏதோ வயலின். இன்னும் இரண்டு வாரம்தான் அதுவும்.

உன் குழுவின் பெயர் நன்றாக இருக்கிறது. ஜன்னல் வரி. கஸ்ஸுடைய அம்மாவிடம் என்னைப் பற்றிக் கேட்டுவிட்டாயா? எந்தப் பள்ளி என்று தெரிந்தால் நான் மனதுக்குள் நினைத்துப் பார்த்துக்கொள்வேன்.

திர்சா


லண்டன்
30 நவம்பர் 1969

திர்சி,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. உடம்புக்கு ஒன்றும் இல்லை. நேரம்தான் இல்லை. ஆறு வாரத்தில் முப்பத்தொரு இடத்தில் வாசித்திருக்கிறோம். கல்லூரி மண்டபங்கள், ஒரு நீச்சல் குளத்தின் மேல் பலகை போட்டு, ஒருமுறை ஒரு கல்யாணத்தில். அங்கே பதினொரு நிமிஷப் பாட்டைத் தொடங்கியதும் மணப்பெண்ணின் மாமா மேடைக்கு வந்து, "தம்பி, இது முடியறதுக்குள்ள இவங்களுக்குப் புள்ளையே பொறந்துடும்" என்றார். மெல்லட்ரானைத் தூக்கித் தூக்கிக் கஸ்ஸின் முதுகு போய்விட்டது. குளிர் அதிகமானால் அதன் ஸ்வரம் இறங்கும். அதற்கு என் கோட்டைப் போர்த்திவிட்டு நான் நடுங்குகிறேன்.

லண்டனில் ஒரு கிளப்பில் வாசித்தபோது இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்திருந்தார். ஒப்பந்தம் ஆகிவிட்டது, திர்சி. டிசம்பரில் ஐந்து நாளில் முழு எல்.பி. இசைத்தட்டையும் பதிவு செய்ய வேண்டும். அந்த நீளப் பாட்டு ஒரு பக்கம் முழுக்க. அதன் உச்சத்தில் நீதான். உன்னை எட்டு எட்டாக அடுக்கி அறுபது பேர் பாடுவதுபோல் ஆக்கியிருக்கிறேன்.

சுவரைப் பற்றி எழுதியதைப் படித்தேன்.

ஈஸ்டரைப் பார்ப்போம்.

ஆசா


லோஸ்டாஃப்ட்
14 டிசம்பர் 1969

அன்புள்ள அண்ணா,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவுக்குக் காலில் குளிர்ப்புண் வந்திருக்கிறது, மற்றபடி நலம்.

ஒப்பந்தம் கிடைத்ததில் சந்தோஷம். நிஜமாகவே. ஆனால் அக்டோபரில் "சொன்னது சொன்னதுதான்" என்று எழுதினாய். இந்தமுறை "பார்ப்போம்" என்று எழுதியிருக்கிறாய். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் கடிதங்களை நான் எரிப்பதில்லை, க்ளெண்டாவிடம் இருக்கின்றன.

சுவர் முடிந்துவிட்டது. அப்பா மேலே சுண்ணாம்பு பூசி, "இப்ப சுத்தமா இருக்கு பார்" என்றார். சுத்தமாகத்தான் இருக்கிறது. ஒன்றும் கேட்பதில்லை.

அந்த இசைத்தட்டின் அட்டையில் என் பெயரைப் போடாதே. எங்கும் போடாதே.

திர்சா


லண்டன்
8 பிப்ரவரி 1970

அன்புள்ள திர்சி,

உன் பிறந்த நாளை மறந்துவிட்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான் நினைவு வந்தது. இருபது நாள் தாமதமாக வாழ்த்துகிறேன். நலமாக இருக்கிறாயா?

இங்கே தலை சுற்றுகிறது. இசைத்தட்டு ஜனவரியில் வந்தது. முதல் வாரம் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு இரவு வானொலியில் ஒருவர் அந்த நீளப் பாட்டை முழுதாகப் போட்டார். மறுநாள் மறுபடியும் போட்டார். இப்போது விற்பனைப் பட்டியலில் இருபத்தாறாவது இடம். இசை வாரப் பத்திரிகையில் எங்களுக்கு ஒரு பக்கம். கஸ் அதைக் கிழித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, பெட்ரோல் போடுபவரிடம்கூடக் காட்டுகிறான்.

எல்லோரும் அந்தக் குரலைப் பற்றியே கேட்கிறார்கள். லயனல் ஒருவரிடம், அது பெல்ஜியத்தில் ஒரு கன்னிமாடத்தில் பதிந்தது என்று சொல்லிவிட்டான். இன்னொருவர் நான் ஏதோ புது யந்திரம் கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுதினார். என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். உன்னிடம் எடுத்ததை என்னுடையது என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

மார்ச்சில் பெல்ஜியம், ஹாலந்து என்று ஐந்து வாரம் போகச் சொல்கிறார்கள். திரும்பி வந்ததும் உன் விஷயத்தைப் பேசலாம்.

ஆசா


லோஸ்டாஃப்ட்
22 பிப்ரவரி 1970

அன்புள்ள அண்ணா,

வாழ்த்துக்கு நன்றி. எல்லோரும் நலம். அப்பா தலைமை ஆசிரியையைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். மார்ச் 25 என் கடைசி நாள். நீ ஐந்து வாரம் போய்விட்டுத் திரும்பும்போது நான் எல்ட்ரிட்ஜின் கொட்டகையில் ஊசியும் நூலுமாக இருப்பேன். வந்ததும் பேசலாம் என்று எழுதியிருக்கிறாய். அப்போது பேச என்ன இருக்கும்?

கோபமாக எழுத உட்காரவில்லை. ஒன்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். வியாழக்கிழமை மதியம், மழை என்பதால் எங்களை உள்ளேயே இருக்கச் சொன்னார்கள். பெரிய வகுப்புப் பெண் ஒருத்தி உன் இசைத்தட்டைக் கொண்டுவந்திருந்தாள். நான் கூட்டத்துப் பெண் என்பதால், பாட்டுப் போட்டால் வெளியே போய்விடுவேன் என்று எல்லோருக்கும் தெரியும். "திர்சா, போட்டுடுவோம், போறதுன்னா போயிடு" என்றாள். நான் போகவில்லை. ஷூ நாடாவைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அண்ணா, அது அழகாக இருக்கிறது. எனக்குத் தெரியாது இப்படி இருக்கும் என்று. சிப்ஸ் பெட்டி நடுவில் நின்று கத்தியது இதுவா? அந்தப் பெண்கள் சண்டை போட்டார்கள். ஒருத்தி அது மெஷின் என்றாள். இன்னொருத்தி, "மெஷினுக்கு எப்படிடி மூச்சு வாங்கும், காதைத் தீட்டிக்கிட்டுக் கேளு" என்றாள். க்ளெண்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நான்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. வாழ்க்கையில் எதற்கும் அப்படித் துடித்ததில்லை. சொல்லவில்லை. நாடாவை மூன்று முறை கட்டி மூன்று முறை அவிழ்த்தேன்.

வந்துவிடு அண்ணா. 25க்கு முன்னால்.

திர்சா


பிரஸ்ஸல்ஸ்
5 மார்ச் 1970

என் அருமைத் திர்சிக்கு,

உன் கடிதம் கப்பல் ஏறும்போது கையில் கிடைத்தது. நான்கு முறை படித்தேன். நாக்கு துடித்தது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபின் என்னால் இருக்க முடியவில்லை. அன்று இரவே லயனலிடமும் கஸ்ஸிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். லயனலுக்குக் கோபம். கஸ்தான், "தங்கச்சி குரலைத் திருடி நாம பேரு வாங்குறோமாடா?" என்று கேட்டான். அதுதான் சரியான கேள்வி.

கம்பெனிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். தட்டு மறுபடி அச்சாகிறது, அட்டையில் எங்கள் பெயர்களுக்குக் கீழே "குரல்: திர்சா அட்டிங், லோஸ்டாஃப்ட்" என்று வரும். வாரப் பத்திரிகைக்காரரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த வாரமே போடுகிறார். பெயரைப் போடாதே என்று நீ டிசம்பரில் எழுதியது பயத்தில் எழுதியது என்று எனக்குத் தெரியும். கூட்டத்தில் யாரும் பத்திரிகை படிப்பதில்லை, ரேடியோ இல்லை, இசைத்தட்டுக் கடைப்பக்கம் போவதில்லை. அவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது? உலகம் முழுக்கத் தெரியட்டும், அந்த முப்பது வீட்டுக்குத் தெரியாவிட்டால் போகிறது.

25க்குள் என்னால் வர முடியாது, திர்சி. பாதியில் விட்டால் ஒப்பந்தம் முறிந்துவிடும் என்கிறார்கள். ஆனால் உன் பெயரை உனக்குக் கொடுத்துவிட்டேன். அதையாவது செய்தேன்.

உன் அண்ணன்,
ஆசா


லோஸ்டாஃப்ட்
16 மார்ச் 1970

மிஸ்டர் ஆசா அட்டிங் அவர்களுக்கு,

வணக்கம். நான் க்ளெண்டா டூலி. நீங்கள் நலமாக இருப்பீர்கள், பத்திரிகையில் படம் பார்த்தேன், தலைமுடி நன்றாக வளர்ந்திருக்கிறது. இங்கே யாரும் நலமாக இல்லை.

அவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது என்று எழுதியிருந்தீர்களாமே. சொல்கிறேன். எங்கள் கடையில் விற்காமல் மிஞ்சும் பத்திரிகைகளை அம்மா மீன்கடைக்குக் கொடுத்துவிடுவாள், மீன் சுற்ற. கூட்டத்தார் பத்திரிகை படிக்க மாட்டார்கள். ஆனால் ஹெர்ரிங் மீன் கருவாடு சாப்பிடுவார்கள். போன வெள்ளிக்கிழமை மூப்பர் எல்ட்ரிட்ஜின் மனைவி பொட்டலத்தைப் பிரித்தாராம், மீனுக்கு அடியில் திர்சாவின் பெயர், ஊர்ப் பெயரோடு. உங்கள் படமும்.

அவளை அறையில் அடைத்துவிட்டார்கள். அடைத்து வைப்பது என்றுதான் அவர்களே சொல்கிறார்கள், மறைப்பதுகூட இல்லை. பள்ளிக்கு வரவில்லை. அவளோடு யாரும் பேசக்கூடாது, சேர்ந்து சாப்பிடக்கூடாது. நான் போய்க் கதவைத் தட்டினேன். அவள் அம்மா திறந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தது. "அவ இல்லம்மா" என்றார். மாடியில் திரை அசைந்தது.

காலையில் பத்திரிகை போடப் போகும்போது அவள் ஜன்னலிலிருந்து ஒரு கயிறு விடுகிறாள், அவள் அப்பா கடைச் சணல்தான். கடிதத்தைக் கட்டிவிட்டால் இழுத்துக்கொள்வாள். எழுதுவதானால் சீக்கிரம் எழுதுங்கள். எங்கள் கடைப் பின்னறையில் ஒரு மடக்குக் கட்டில் இருக்கிறது என்று அம்மா சொல்லச் சொன்னாள். அதையும் அவளுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபம்தான், ஆனாலும் தட்டு நன்றாக இருக்கிறது.

க்ளெண்டா டூலி


கெண்ட், பெல்ஜியம்
19 மார்ச் 1970

திர்சி,

என்ன செய்துவிட்டேன். உனக்கு நல்லது என்று நினைத்தேன் என்று எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது. 28 சனிக்கிழமை வருகிறேன். யார் என்ன சொன்னாலும் வருகிறேன். கஸ் வண்டியை ஓட்டுவான். அதுவரை அவர்கள் என்ன கேட்டாலும் பதில் சொல்லாதே. சாப்பிடு.

ஆசா


லோஸ்டாஃப்ட்
24 மார்ச் 1970, செவ்வாய் இரவு

அன்புள்ள அண்ணா,

உன் சீட்டு கயிற்றில் வந்தது. நான் சாப்பிடுகிறேன். அம்மா தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, நான் எடுக்கும்வரை படியில் நிற்கிறாள். பேசக்கூடாது என்பதால் இருமுகிறாள். நானும் இருமுவேன். அதுதான் இந்தப் பத்து நாளாக எங்கள் பேச்சு.

போன வாரம் மூப்பர் எல்ட்ரிட்ஜும் இன்னொருவரும் வந்தார்கள். மீன் வாசனையோடு அந்தப் பக்கத்தைக் கட்டிலில் விரித்து, "இது நீயா?" என்று கேட்டார்கள். நான் பேசவில்லை. அதட்டவில்லை அண்ணா, அன்பாகத்தான் கேட்டார்கள். அதுதான் அதிகப் பயம். இன்று கூட்டம் முடிந்து பதிலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமைவரை பொறுக்க மாட்டார்கள். அது நான்தான் என்றால் என்னை விலக்குவார்கள். விலக்கப்பட்டவள் அவர்கள் கூரையின் கீழ் தூங்கக்கூடாது. நான் இல்லை என்றால், ஊரில் இன்னொரு திர்சா அட்டிங் இருக்கிறாள் என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு மேஜையில் இடம் கிடைக்கும். திங்கட்கிழமை வலைக்கொட்டகை.

நேற்று சாயங்காலம் அப்பா வந்தார். பேசக்கூடாது என்பது அவருக்கும்தான், ஆனாலும் வந்தார். உட்கார நாற்காலி இல்லை, அவர் கட்டின சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். அவரை நான் தரையில் பார்த்ததே இல்லை. ரொம்ப நேரம் கையில் இருந்த தாரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"அது நீ இல்லைன்னு சொல்லிடும்மா. அவங்க ஒரு தடவைதான் கேப்பாங்க. நான் கேக்கவே மாட்டேன்."

நம் அப்பா, அண்ணா. நான் சொல்லப்போகும் பொய்க்கு அவர் பக்கத்தில் நின்று தலையாட்ட வேண்டியிருக்கும். பிறகு ஒவ்வொரு வேளையும் எனக்கு எதிரில் உட்கார்ந்து, அதைத் தெரிந்துகொண்டே ஜெபம் பண்ண வேண்டியிருக்கும். அவர் அதைச் செய்யத் தயாராக வந்திருக்கிறார்.

எழுந்து கதவுவரை போனவர் நின்றார். "அது... நல்லா இருக்காமே?" என்று கேட்டார். ஆமாம்ப்பா என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

ராத்திரி முழுக்க யோசித்தேன். நீ என் பெயரைப் போட்டபோது உன்னை வெறுத்தேன். இப்போது அதற்கு நேரமில்லை. அப்பா கோபப்பட்டிருந்தால் நான் ஒருவேளை பயந்து பொய் சொல்லியிருப்பேன். ஆனால் அவரைப் பொய்யராக்கிவிட்டு அந்த மேஜையில் உட்கார்ந்து என்னால் சாப்பிட முடியாது. அவருக்கு இருப்பது பொய் சொல்லாதவர் என்ற அந்த ஒன்றுதான். அதை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளப் போவதில்லை.

அது நான்தான் என்று சொல்லப்போகிறேன். அம்மாவை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது. துணிகளைத் தலையணை உறையில் போட்டு வைத்திருக்கிறேன். இன்று ராத்திரியே அந்த மடக்குக் கட்டிலுக்கு வருவதாக க்ளெண்டாவுக்குச் சொல்லியாயிற்று. அவள் தெருமுனையில் நிற்கிறாள், சைக்கிள் விளக்கு தெரிகிறது. இதை எழுதி முடித்ததும் கயிற்றில் இறக்கிவிடுவேன். நீ சனிக்கிழமை வந்தால் இந்த வீட்டு வாசலுக்கு வராதே. அவர்களை அது இன்னும்

கீழே கதவு திறக்கிறது. படியில் மூன்று பேர். முதலில் வருவது அப்பா, அவர் நடை எனக்குத் தெரியும், மெதுவாக வருகிறார், அவர்களைத் தாமதப்படுத்துகிறார் போலிருக்கிறது. பயமாக இருக்கிறது அண்ணா. ஆனால் குரல் நடுங்காது, சொல்லிப் பார்த்துவிட்டேன். அப்பா, அது என்

தட்டுகிறார்கள்